விவாதம் முடியாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

புவி சூடாவதற்கு மனிதன் காரணமா என்ற வாக்குவாதத்தில் நீங்கள் ஜெயிக்கவே வேண்டாம். அது முடியாமல் இழுத்துக்கொண்டே போனால் போதும். பாதிப் பாடம் உங்களுக்கு ஏற்கெனவே அத்துப்படி. மீதியை அமெரிக்காவின் கைதேர்ந்தவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

1. குளிர் வரும்வரை காத்திருங்கள். 2015 பிப்ரவரியில் செனட்டர் ஜேம்ஸ் இன்ஹோஃப் வெளியே கிடந்த பனியை உருண்டையாக்கி அவைக்குள் கொண்டுவந்து வீசினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அதுவரை பதிவானவற்றிலேயே வெப்பமானது. இருக்கட்டுமே! உலகச் சராசரியை உருட்டி வீச முடியுமா?

2. கணக்கை எந்த ஆண்டில் தொடங்குவது என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள். 1998 அருமையான ஆண்டு. பசிபிக் கடலைச் சூடாக்கும் எல் நினோ அதைக் கொதிக்க வைத்திருந்தது. அங்கிருந்து கோடு போட்டால் அடுத்த சில ஆண்டுகளுக்கு ஏற்றமே கண்ணில் படாது. வரைபடத்தின் இடப்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள்.

3. சூரியன் மேல் பழி போடுங்கள். அது மான நஷ்ட வழக்குப் போடாது. "சூரியன்தான் காரணமென்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடாக வேண்டுமே, அது குளிர்ந்துகொண்டல்லவா வருகிறது?" என்று யாராவது மடக்கினால், எரிமலைக்குத் தாவுங்கள். எரிமலைகள் கக்கும் கரியமில வாயு மனிதர்கள் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது என்பார்கள். அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் சூரியனுக்குத் திரும்பிவிடுங்கள்.

4. கையெழுத்து திரட்டுங்கள். மனிதன் விடும் வாயுக்களால் பேராபத்து என்பதை மறுத்து 1998இல் தொடங்கிய ஓரிகன் மனுவில் 31,000 பேருக்கு மேல் ஒப்பமிட்டார்கள். பொறியாளர், மருத்துவர், கால்நடை மருத்துவர் எல்லோரும் உண்டு. பருவநிலையை ஆராய்பவர்கள்தான் அபூர்வம். உங்களுக்கு நெஞ்சுவலி வந்தால் மட்டும் இதய மருத்துவரிடம் போங்கள்.

5. தொலைக்காட்சியில் "இரு தரப்பும்" கேளுங்கள். இந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான ஆய்வுகளின் சார்பில் ஒருவர். அந்தப் பக்கம் உரத்த குரலோடு ஒருவர். ஆளுக்கு இரண்டு நிமிடம். நியாயம் என்றால் இதுதான்.

6. உண்மையை முதலில் நீங்களே தெரிந்துகொள்ளுங்கள். எதை மறைப்பது என்பது அப்போதுதான் தெரியும். புவி எவ்வளவு சூடாகும் என்று எக்ஸான் எண்ணெய் நிறுவன விஞ்ஞானிகள் 1970களின் இறுதியிலிருந்தே கணித்துவந்தார்கள், பெரும்பாலும் சரியாகவே. 1989இல் எண்ணெய், நிலக்கரி, கார் நிறுவனங்கள் கூடி உமிழ்வுக் கட்டுப்பாட்டை எதிர்க்க 'குளோபல் கிளைமேட் கோயலிஷன்' என்ற அமைப்பைத் தொடங்கியபோது எக்ஸானும் அதில் இருந்தது. மனிதப் பங்கை மறுக்க முடியாது என்று 1995இல் அந்த அமைப்பின் சொந்த நிபுணர்களே எழுதிக்கொடுத்தார்கள். அதை வாங்கி பத்திரமாக உள்ளே வைத்துவிட்டு, வெளியே வந்து சந்தேகம் கேளுங்கள்.

7. சந்தேகத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். விஞ்ஞானிகளிடையே உறுதி இல்லை என்பதையே முன்னிறுத்துமாறு 2002இல் குடியரசுக் கட்சிக்குக் குறிப்பு எழுதித் தந்தார் அதன் ஆலோசகர் ஃபிராங்க் லண்ட்ஸ். 2019இல் அவரே செனட் குழு முன் வந்து, தான் சொன்னது தவறு என்றார். மனிதர் மாறலாம்; குறிப்பை விட்டுவிடாதீர்கள்.

8. எல்லாம் தோற்றுப்போகும் நாளில் தயங்காமல் கட்சி மாறுங்கள். நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹேன்சன் 1988இல் செனட்டில் எச்சரித்தபோது காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 350 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. "ஆமாம், மனிதன்தான் காரணம். ஆனால் காலம் கடந்துவிட்டதே, இனி என்ன செய்ய?" என்று பெருமூச்சு விடுங்கள். காலத்தைக் கடத்தியது யார் என்று எவரேனும் கேட்டால், பதற வேண்டாம்.

அதற்கும் இரு தரப்பு உண்டு என்று சொல்லுங்கள்.