துண்டு போடுதலும் கோப்புறைப் பெயரும்: ஓர் இலக்கண ஆராய்ச்சி

பெயர்ச்சொல்லை இடுகுறி, காரணம் என்று நன்னூலார் இரண்டாகப் பிரித்தார். கணினியில் மென்பொருள் குடியேறும் கோப்புறைகளுக்கு அந்த இரண்டும் போதா என்பது இவ்வாய்வாளரின் துணிபு. மூன்றாவது வகைக்குத் ‘துண்டுப்பெயர்’ என்று பெயரிடுகிறேன். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டு போட்டு சீட் பிடிக்கிறோமே, அந்தத் துண்டு. ‘ஆள் வருது’ என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது.

‘யூஎஸ்ஆர்’ என்னும் கோப்புறை அப்படிப் பிறக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில், பெல் ஆய்வகத்து யூனிக்ஸில் அது சுத்தமான காரணப்பெயர்: யூசர்களின் வீடு. முதல் டிஸ்க் நிரம்பியதும் சிஸ்டத்தின் புரோகிராம்கள் அந்த வீட்டுத் திண்ணையில் வந்து ஒதுங்கின. ஒதுங்கியவை கிளம்பவே இல்லை. வீட்டுக்காரர்கள்தான் ‘ஹோம்’ என்று தனிக்குடித்தனம் போனார்கள். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை. பின்னால் வந்த உரையாசிரியர்கள் இதை ‘யூனிக்ஸ் சிஸ்டம் ரிசோர்ஸஸ்’ என்று பிரித்துப் பொருள் சொன்னார்கள். உரையாசிரியர்கள் அப்படித்தான்.

அதனுள்ளே ‘லோக்கல்’ என்றொரு அறை. சிஸ்டம் அப்டேட் ஆகும்போது இதில் கைவைக்கக் கூடாது, இது அட்மினுடைய சொந்த இடம் என்பது லினக்ஸ் உலகின் வழக்கு. ஃப்ரீபிஎஸ்டியோ தன் போர்ட்ஸ் எல்லாவற்றையும் அங்கேயே இறக்குகிறது. நெட்பிஎஸ்டிக்காரர்கள் வம்பே வேண்டாமென்று ‘பிகேஜி’ என்று பக்கத்தில் அறை எடுத்தார்கள். மேக்கில் மென்பொருள் இறக்கித் தரும் கருவிகளுள் ஃபிங்க் ‘எஸ்டபிள்யூ’ என்ற இரண்டே எழுத்தோடு நடுக்கூடத்தில் உட்கார்ந்தது. மேக்போர்ட்ஸ் ‘ஆப்ட்’ கோப்புறைக்குள் ஒரு ‘லோக்கல்’ கட்டியது, துண்டுக்குள் துண்டு.

2009இல் வந்த ஹோம்ப்ரூ, பெயருக்கேற்ப பீர் வடிக்கும் குடும்பம். மென்பொருளை ‘கெக்’ என்னும் பீப்பாயில் அடைத்து, ‘செல்லர்’ என்னும் நிலவறையில் அடுக்கியது. நிலவறை இருந்ததோ யூஎஸ்ஆரின் அதே பழைய லோக்கலில். ஆப்பிள் சிலிக்கான் வந்த பிறகு, அந்த மேக்குகளில் மட்டும் ‘ஆப்ட் ஹோம்ப்ரூ’வுக்கு ஜாகை மாறியது.

இலக்கணத்துக்கு மெய்யான சவால் நிக்ஸ் என்னும் பொட்டல மேலாளர். அதன் கிடங்கில் ஒவ்வொரு பொட்டலத்தின் பெயரும் 32 எழுத்துக் குழப்பத்தில் தொடங்கும். பார்த்தால் இடுகுறி. ஆனால் மூலநிரல், கம்பைலர், சார்ந்த நூலகங்கள் என எல்லாவற்றையும் போட்டுக் கணக்கிட்ட ஹாஷ் அது; ஒன்று மாறினாலும் பெயர் மாறும். முழுக் காரணத்தையும் சுமக்கும் காரணப்பெயர் என்றால் இதுதான், வாயில் நுழையாது என்பதைத் தவிர. இதன் நெடுங்கணக்கில் இ, ஓ, யூ, டி ஆகிய நான்கு ஆங்கில எழுத்துகள் விலக்கு. தப்பித்தவறிக்கூட கெட்ட வார்த்தை அமைந்துவிடக் கூடாதாம்! இவ்வளவு ஆசாரமான அரிச்சுவடியை நான் கண்டதில்லை.

கள ஆய்வுக்கு என் மேக்கையே எடுத்துக்கொண்டேன். பழைய மேக்கிலிருந்து அப்படியே மாற்றிக் கொண்டுவந்தது. ‘பைத்தான் எங்கே?’ என்று டெர்மினலில் கேட்டால் மூன்று முகவரி வந்தது: யூஎஸ்ஆர் பின், யூஎஸ்ஆர் லோக்கல் பின், ஆப்ட் ஹோம்ப்ரூ பின். ஒரே சீட்டில் மூன்று துண்டு. டெர்மினல் தேடிப் பார்க்கும் ‘பாத்’ பட்டியலில் எவர் முந்தி நிற்கிறாரோ அவருக்குத்தான் இடம். பட்டியலைத் திருத்திச் சேமித்தேன். மறுபடி கேட்டேன், பழைய ஆளே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். டெர்மினலை மூடித் திறந்தபோதுதான் எழுந்தார்.