வீடு வரை மாத்திரை

அனுப்புநர்:
தெருவில் மாத்திரை அட்டையைப் படித்துச் சொல்லத் தெரிந்த ஒரே ஆள்,
ரிஷிவந்தியம் பக்கத்துக் கிராமம்,
கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பெறுநர்:
மாத்திரைக் கணக்கு பார்க்கும் உயர் அலுவலர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வுத் துறை,
சென்னை.

பொருள்: இரத்த அழுத்த மாத்திரை – வாசல் வரை வந்து சேர்ந்தமை – வாய்க்குள் போகாமை – தக்க ஆணை வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: எங்கள் அத்தை வீட்டுப் பரண்.

ஐயா / அம்மா,

2011-இல் விஜயகாந்தைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி என்று சொன்னால் எங்கள் ஊர் தங்களுக்குச் சட்டென்று பிடிபடும். அதற்குப் பிறகு நாங்கள் செய்தியில் அடிபட்டது குறைவு. அந்தக் குறையைப் போக்கும் நோக்கத்துடன் இந்த மனுவைச் சமர்ப்பிக்கிறேன்.

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தாங்கள் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ எங்களையும் தேடி வந்தது. தேடிக் கண்டும் பிடித்தது. தன்னார்வலப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக வருகிறார். கையில் பட்டையைச் சுற்றிப் பி.பி. பார்க்கிறார், மாத்திரையைக் கொடுக்கிறார், குறித்துக்கொள்கிறார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நின்ற காலம் எங்களுக்கு மறக்கவில்லை. 2024-இல் இந்தத் திட்டத்துக்கு ஐ.நா. விருது கிடைத்தது. மாத்திரையை வாங்கிக் கொண்டவர்கள் என்ற முறையில் அந்த விருதில் எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்று பணிவுடன் பதிவு செய்கிறேன். விழுங்கியவர்களுக்கு மட்டும்தான் பங்கு என்றால் மனுவை இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன்.

எங்கள் பெரியப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். வயது அறுபத்தெட்டு, கரும்பு விவசாயி. ஆலைக்குப் போன கரும்புக்குப் பணம் வரத் தாமதமானால் ஏறுவதுதான் பிரஷர், மற்றதெல்லாம் டாக்டர்கள் கட்டிய கதை என்பது அவர் கொள்கை. “தாத்தா, மாத்திரை போடுறீங்களா?” என்று அந்தப் பெண் கேட்கும். “போட்டுக்கினுதாம்மா இருக்கிறேன்” என்பார். இதில் பொய் இல்லை. பி.பி. பார்க்கும் நாள் அவருக்குத் தெரியும். மூன்று நாள் முன்னதாக ஆரம்பித்து, தினமும் காலையில் மோர் குடித்த கையோடு தவறாமல் போட்டுவிடுவார். பார்க்கிற அன்றைக்கு 130-க்கு 80. அந்தப் பெண்ணுக்கும் சந்தோஷம், பதிவேட்டுக்கும் சந்தோஷம். மறுநாளிலிருந்து பெரியப்பா ஓய்வு. மாதத்தில் மூன்று நாள் மட்டும் இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கும் இவரைத் தங்கள் கணக்கில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பதற்கு ஓர் அரசாணை தேவைப்படுகிறது.

அத்தை கதை வேறு. அவர் ஒழுங்கானவர். எனலாப்ரில் கொடுத்தார்கள், தினம் போட்டார். மூன்றாவது வாரம் வறட்டு இருமல் பிடித்தது. ராத்திரியெல்லாம் இருமல். பனிக்காற்று என்றார்கள், தூசி என்றார்கள். துளசி, கற்பூரவல்லி, மருந்துக்கடையில் இரண்டு பாட்டில் சிரப். இதெல்லாம் ஆன பிறகு, மருமகள் பிரசவத்துக்குப் போன இடத்தில் பத்து நாள் மாத்திரை விட்டுப்போனது, இருமலும் நின்றது. அத்தை அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டார். அந்த மாத்திரைக்கு இந்த இருமல் உண்டு, அப்படி வந்தால் லோசார்டன் போன்ற வேறு மாத்திரைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதெல்லாம் எம்.பி.பி.எஸ். பாடத்தில் இருக்கிறது. அத்தை படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனாலும் வீடு தேடி வந்து கொடுப்பதை வேண்டாம் என்று சொன்னால் அந்தப் பெண்ணின் மனசு புண்படும் அல்லவா? எனவே மாதாமாதம் வாங்கி, பரணில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைக்கிறார். ‘விற்பனைக்கு அல்ல’ என்று அட்டையில் இருக்கிறது. அதையாவது நாங்கள் எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிக்கிறோம்.

இன்னும் சிலரும் உண்டு. அம்லோடிபின் போட்டுக் கால் வீங்கியதால் செருப்பு நுழையவில்லை என்று மாத்திரையை விட்டவர் ஒருவர். நீர் பிரியும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு திருக்கோவிலூர் பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் பட்ட பாட்டை இன்றுவரை சொல்லிக்கொண்டிருப்பவர் ஒருவர். வெள்ளிக்கிழமை விரதம், வெறும் வயிற்றில் எப்படி என்று கேட்பவர்கள். ஆள் ஊரில் இருந்தால்தானே என்கிற கூட்டம் இன்னொன்று. கரும்பு வெட்டப் போகிறவர்கள் விடியுமுன் கிளம்பிவிடுவார்கள். கல்வராயன் மலையிலிருந்து கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்கள் மாசக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். மக்களைத் தேடி மருத்துவம் அந்த மலையில் உள்ள வெள்ளிமலை வரை ஏறிவிடும். மக்கள் அங்கே இருக்க வேண்டுமே!

ஆனால் எங்கள் பக்கத்தின் தலைசிறந்த காரணம் இவை எதுவும் இல்லை. “பிரஷர் மாத்திரை போட்டா கிட்னி போயிடும்.” டீக்கடையில் இதை மறுத்துப் பேசிய ஆளை நான் பார்த்ததில்லை. கிட்னி போவது கட்டுக்கடங்காத இரத்த அழுத்தத்தால் என்று யாராவது சொன்னால், மாத்திரைக் கம்பெனி ஆள் என்பார்கள். இதிலும் தங்கள் திட்டத்தின் தொலைநோக்கை மெச்ச வேண்டும். கிட்னிக்குப் பயந்து மாத்திரையை நிறுத்தி, அதனாலேயே கிட்னியை இழந்தவர் வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்வதற்கான பையும் இதே திட்டத்தில்தான் வீடு தேடி வருகிறது. பக்கவாதம் வந்தால் பிசியோதெரபி செய்பவரும் வருகிறார். ஐந்து மில்லிகிராம் மாத்திரையை மறுத்தவரைக்கூட அரசு கைவிடுவதில்லை.

மாத்திரையை வாங்கிவிட்டு விழுங்காமல் இருப்பது எங்கள் ஊர்ப் பெருமை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். நீண்டகால நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களில், வளர்ந்த நாடுகளிலேயே பாதிப் பேர்தான் சொன்னபடி சாப்பிடுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இலேயே எழுதிவைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2020-இல் எடுத்த கணக்கில், பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு இரத்த அழுத்தம். அவர்களில் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் சொச்சம். அடுத்த சுற்றுக் கணக்கெடுப்பில் அந்த விகிதம் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. வீட்டுக்கு வந்த மாத்திரை ஏதோ வேலை செய்திருக்கிறது, மறுக்கவில்லை. மீதிப் பேர் எங்கே என்று கேட்டால், பார்வையில் குறிப்பிட்ட பரணைத் தயவுசெய்து பார்க்கவும்.

இந்த வியாதியின் குணமே அப்படி. தலை வலிக்காது, கால் வலிக்காது, சோறு இறங்கும், தூக்கம் வரும். வலிக்காததற்கு யார் மருந்து சாப்பிடுவார்கள்? எங்கள் ரிஷிவந்தியம் கோயிலில் லிங்கத்துக்குத் தேன் அபிஷேகம் ஆகும்போதுதான் அர்த்தநாரீசுவரர் உருவம் தெரியும் என்பார்கள். சாமிக்கே அப்படி என்றால், கண்ணுக்குத் தெரியாத பி.பி.யைப் பெரியப்பாவுக்குக் காட்ட என்ன ஊற்றுவது என்று தங்கள் துறைதான் சொல்ல வேண்டும்.

எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன், அதிகப்பிரசங்கித்தனம் என்றால் மன்னிக்கவும். “மாத்திரை வாங்கிட்டீங்களா?” என்ற கேள்வியோடு, “போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு, ஏன்?” என்று இன்னொன்றும் கேட்கச் சொல்லுங்கள். திட்டாமல் கேட்க வேண்டும். திட்டினால் எங்கள் ஊரில் உடனே “தினமும் போடுறேன்” என்ற பதில்தான் வரும். காரணத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு போய், இருமலா, வீக்கமா என்று பார்த்து டாக்டர் மாத்திரையை மாற்றித் தர வேண்டும். வேலைக்கு வெளியூர் போகிறவருக்கு மூன்று மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுக்கலாம். இரண்டு மருந்து தேவைப்படுகிறவருக்கு இரண்டையும் ஒரே மாத்திரையில் கொடுக்கலாம். அப்படிப்பட்ட கூட்டு மாத்திரைகளை உலக சுகாதார நிறுவனம் 2019-இலேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. இதற்கெல்லாம் ஒரு வீட்டில் ஐந்து நிமிஷம் கூடுதலாக உட்கார வேண்டியிருக்கும். ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று தாங்கள் இலக்கு வைத்து விரட்டும்போது அந்தப் பெண் எங்கே உட்காருவது? திண்ணை தர நாங்கள் தயார். நேரம் தங்கள் கையில் இருக்கிறது.

முடியாது என்றால் மாற்றுக் கோரிக்கை ஒன்றும் உண்டு: மாத்திரை வீட்டுக்குள் வந்த தேதியிலிருந்தே அந்த வீட்டில் உள்ள அனைவருக்கும் இரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்துவிட்டதாகக் கருதப்படும் என்று ஓர் ஆணை பிறப்பித்து ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கணக்கெடுப்பில் நூற்றுக்கு நூறு.

இப்படிக்கு,
மனுதாரர்.

நகல்:
1. அத்தை – பரணில் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைக்க.
2. பெரியப்பா – இன்றைய மாத்திரையை என் கண்முன் போட்ட பிறகு படித்துக் காட்டப்படும்.