அரியர் என்னும் அட்சயபாத்திரம்

அண்ணா பல்கலைக்கழகத்துக்கு ஈரநெஞ்சு இல்லையென்று எவன் சொன்னது? 2001-02இல் படிக்க வந்து, ஒரு பேப்பரில் தோற்று, பட்டம் வாங்காமலே கல்யாணம் முடித்து, இப்போது பிள்ளையை டியூஷனில் விட்டுவிட்டு வாசலில் நிற்கும் ஆளைக்கூட அது மறக்கவில்லை. 2021இல், ‘வாருங்கள், அரியரை எழுதிக்கொள்ளுங்கள்’ என்று சிறப்பு வாய்ப்பு தந்தது. வழக்கமான கட்டணத்துக்கு மேல் 5,000 ரூபாய்தான். இடைப்பட்ட 20 வருஷத்தில் அந்தப் பாடத்தை அவருக்கு யாராவது திரும்ப நடத்தினார்களா என்று கேட்பது அநாகரிகம்.

நம் பொறியியல் கல்வியின் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது. தோற்றவனுக்கு இன்னொரு ஹால் டிக்கெட் உண்டு. இன்னொரு வகுப்பு கிடையாது. முதல் செமஸ்டரில் தொகையீடு புரியாமல் கோட்டை விட்டவன், அடுத்த முறையும் அதே புரியாமையோடு போய் உட்காருகிறான். கூடவே புது பேப்பர்கள் ஐந்தாறு. அவற்றில் பலவும் அந்தத் தொகையீடு தெரிந்தவனுக்காக எழுதப்பட்டவை. ஒரு அரியர் எட்டாகப் பெருகினால், பையன் சோம்பேறி என்று பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்லி அனுப்புகிறோம்.

சரி, தோற்காதவன்தான் படிக்கிறானா? அவனுக்கு நேரம் எங்கே? ஸ்லிப் டெஸ்ட், இன்டர்னல் ஒன்று, இரண்டு, மூன்று, அதில் தேறாதவனுக்கு ரீடெஸ்ட், கடைசியில் மாடல். பாடம் நடத்த வேண்டிய உதவிப் பேராசிரியை, ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் சிஓ (பாட விளைவு) எத்தனை, கே (அறிவு நிலை) எத்தனை என்று குறித்துக்கொண்டிருக்கிறார். கல்லூரியின் தரம் பார்க்கும் நாக் கேட்டால் கோப்பைக் காட்டியாக வேண்டும். பையனுக்குப் புரிந்ததா என்பதற்கு அந்தக் கோப்பில் கட்டம் இல்லை. ஐந்தாவது யூனிட் கடைசி வாரத்தில் பிபிடியாக வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. ரீடெஸ்டுக்கு அனேகமாகப் பழைய கேள்வித்தாளே. வெட்கப்படவும் யாருக்கும் நேரமில்லை.

அடிக்கடி சோதித்தால் பாடம் மனதில் நிற்கும் என்பது உண்மைதான். ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006இல் அதைச் செய்தே காட்டினார்கள். திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. ஆனால் எடுப்பதற்கு முதலில் உள்ளே ஏதாவது போயிருக்க வேண்டுமே! இங்கே திருத்திய தாள் கைக்கு வந்ததும் பையன் பார்ப்பது கூட்டல் சரியா என்று மட்டும். எங்கே தப்பு செய்தான் என்று சொல்ல ஆளில்லை. அதற்குள் அடுத்த டெஸ்ட் வந்துவிடுகிறது.

கூட்டலில்தானே காசும் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஏப்ரல்-மே தேர்வுக்கு 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மறுமதிப்பீடு கேட்டார்கள். அதில் பணம் வாங்கிக்கொண்டு மதிப்பெண் ஏற்றினார்கள் என்ற குற்றச்சாட்டில், அந்தச் சமயத்தில் தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்தவர் மீதே 2018இல் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்தது. படிக்காமல் தோற்றவர் எத்தனை பேர், பேரம் படியாமல் தோற்றவர் எத்தனை பேர் என்று யார் கண்டார்?

இத்தனை பாசாங்குக்கும் நடுவே ஒரே ஒருமுறை உண்மை வெளியே வந்தது. 2020 ஆகஸ்டில், கொரோனாவைக் காட்டி, அரியருக்குக் கட்டணம் கட்டியிருந்தாலே தேர்ச்சி என்று அறிவித்தார் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி. படித்தாயா என்ற கேள்வியே இல்லை, கட்டினாயா, அவ்வளவுதான். பையன்கள் அவருக்கு பேனர் வைத்தார்கள். பாடம் நடத்திய எந்த வாத்தியாருக்காவது இந்த மாநிலத்தில் பேனர் வைத்திருக்கிறார்களா? பிறகு, தேர்வே எழுதாமல் தேர்ச்சி என்பதை ஏற்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல, பாசாங்கு பழையபடி பணிக்குத் திரும்பியது.

2023இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் ஒரு பேப்பருக்கான தேர்வுக் கட்டணத்தை 150 ரூபாயிலிருந்து 225 ஆக்கினார்கள். கூச்சல் கிளம்பியதும் நிறுத்திவைத்தார்கள். ஏற்றுங்கள், ஐயா, தாராளமாக ஏற்றுங்கள். ரசீதில் மட்டும் ஒரு வரி சேருங்கள்: தோற்ற இந்தப் பாடத்துக்கு, இந்தத் தொகையில், எத்தனை மணி நேர வகுப்பு? பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்றே அச்சடியுங்கள்.