மூடுன கையில எத்தனை?

எலே பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. மொதல்ல அந்தப் போனைக் கவுத்தி வையி. ராத்திரி பத்து மணிக்கு மொட்டை மாடியில உக்காந்துக்கிட்டு மொகம் தெரியாத எவன்கூடயோ லூடோ ஆடுத. ‘வெட்டுனேன் பாரு’ன்னு நீ போடுத சத்தத்துல வேப்பமரத்துக் காக்கா எல்லாம் கலைஞ்சு ஓடுது. கீழ, தாலி கட்டி ஆறு மாசமான பொண்டாட்டி கொசுவோட மல்லுக்கட்டிக்கிட்டுக் கெடக்கா. அவகூட ஒரு ஆட்டம் போட்டா கிரீடம் எறங்கிருமோ?

சிரிக்காத. நான் சொல்லுத ஆட்டம் வேற.

உன் கல்யாணத்தன்னிக்கு என்ன பண்ணுனாக? கொடத்துல தண்ணி ஊத்தி, மோதிரத்தப் போட்டு, ரெண்டு பேரையும் கையை விடச் சொன்னாக. நீ மோதிரத்தத் தேடுனியா, அவ வெரலத் தேடுனியான்னு எனக்குத் தெரியும். கூச்சப்படுத ரெண்டு உசுரப் பேச வைக்க நம்ம ஆளுக கண்டுபிடிச்ச வித்தை அது. ஆனா அதோட ஆட்டத்த முடிச்சு அனுப்பிட்டாக. மறுமாசத்துல இருந்து ஊரே ‘என்ன, விசேசம் உண்டா?’ன்னு கேக்கும். பால்காரன் கேப்பான், பஸ்ஸுல பக்கத்துச் சீட்டுக்காரி கேப்பா. கேக்க வேண்டிய ரெண்டு பேரு மட்டும் ஒருத்தர ஒருத்தர் கேக்க மாட்டாக.

நான் மட்டும் கேட்டுக் கிழிச்சேனாக்கும்னு நெனைக்காத. எங்க கல்யாணம் 1970-ல. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு 1952-லயே திட்டம் போட்ட நாடு நம்மது. உலகத்துலயே நாமதான் மொதல்னு பெருமை வேற. 1968-ல நிரோத் ஆணுறை வந்துச்சு, மூணு உறை 15 பைசா. டீத்தூள், சோப்பு, டார்ச் பேட்டரி விக்கிற கம்பெனிகளையே பிடிச்சு ஊரூராக் கடையில எறக்குனாக. நானும் நெஞ்ச நிமித்திக்கிட்டு வாங்கப் போனேன். கடையில நாலு பேரு நிக்கான். அதுல ஒருத்தரு எங்க மாமனாருக்குப் பங்காளி. அண்ணாச்சி, ‘என்னய்யா வேணும்?’னாரு. வாய் தன்னால ‘ரெண்டு பேட்டரிக் கட்டை’ன்னுருச்சு. மறுவாரம் போனா வேற நாலு பேரு. மறுபடியும் பேட்டரிக் கட்டை. இப்படியே வீட்டுல எட்டுக் கட்டை சேந்துபோச்சு. டார்ச் லைட்டுதான் கெடையாது. ஒங்க பெரியப்பன் பொறந்தது அந்தக் கணக்குலதான்.

அப்புறம் கருத்தடை ஆபரேசன் காலம் வந்துச்சு. கேரளாவுல, எர்ணாகுளத்துல 1971 ஜூலையில திருவிழா கணக்கா முகாம் போட்டு, ஒரே மாசத்துல 60,000-க்கு மேல ஆம்பளைக பண்ணிக்கிட்டானுக. நம்ம ஊரு வீரத்தக் கேளு. கேம்ப் ஜீப்பு கம்மாக்கரை திரும்பும்போதே அம்புட்டுப் பயலும் சோளக்காட்டுக்குள்ள. மொத ஆளா எறங்குனது ஒங்க தாத்தன். கடேசியில ஆஸ்பத்திரிக்குப் போனது ஒங்க ஆச்சி.

இப்ப ஆம்பளைகளுக்குத் தழும்பில்லாத முறைன்னு வந்தாச்சு. கத்தி படாது, தையல் கெடையாது, சின்னத் தொளைதான். கால் மணி நேரத்துல முடிஞ்சிரும். மூணு மாசம் வரைக்கும் வேற தடுப்பு வச்சுக்கிடணும், பொறகு சோதிச்சுப் பாத்துட்டு நிம்மதியா இருக்கலாம். பலமெல்லாம் இருந்த எடத்துலயேதான் இருக்கும். ஆனா 2019-21 சர்வேயில இந்தியாவுல என்ன நெலைமை தெரியுமா? ஆபரேசன் பண்ணிக்கிட்ட பொண்டாட்டிமாரு 100-க்கு 38 பேரு. புருசன் பண்ணிக்கிட்டது 1000-க்கு 3. லூடோவுல மட்டும் வெட்டுன்னா இனிக்குது, என்ன?

சரி, ஆட்டத்துக்கு வாரேன். ஒத்தையா ரெட்டையா தெரியும்லா? அதேதான், கொஞ்சம் மாத்தி. ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பிடி புளியங்கொட்டை எடுத்துக்கிடுங்க. மொதக் கேள்வி: நமக்கு எத்தனை பிள்ளை? மனசுல இருக்கதக் கைக்குள்ள மூடிக்கிடணும். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னதும் ஒரே நேரத்துல தொறக்கணும். வெறுங்கையும் ஒரு கணக்குதான், அதுக்கு மொறைக்கக் கூடாது. அடுத்த கேள்வி: மொதப் பிள்ளைக்கு எத்தனை வருசம் பொறுக்கணும்? அதுக்கு அடுத்தது: மொதலுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல எத்தனை வருசம்? இதுல மூணு கொட்டைக்குக் கொறைஞ்சா கள்ளாட்டம். பெத்த ஒடம்பு தேற வேண்டாமா?

ஒரே நேரத்துல தொறக்கணும்கிறதுதான் சூத்திரம். நீ முந்திச் சொன்னா அவ ‘ஒங்க இஷ்டம்’பா. அந்த ‘ஒங்க இஷ்ட’த்துக்குள்ள எத்தனை கொட்டை கெடக்குன்னு சாமிக்கே தெரியாது.

மேலத்தெருவுல லாரி ஓட்டுதானே ஒரு பய, அவனையும் அவன் பொண்டாட்டியையும் போன மாசம் கரண்டு போன நேரத்துல ஆட வச்சேன். அவன் கையில மூணு, அவ கையில ஒண்ணு. பயலுக்கு மொகம் செத்துப்போச்சு. அடுத்த கேள்விக்கு அவன் ஒண்ணு வச்சான், அவ மூணு வச்சா. ‘எதுக்கு மூணு வருசம்?’னான். அவ எந்திரிச்சுப் போயி தலகாணிக்கடியில இருந்து குரூப் 4 பரீட்சைப் புஸ்தகத்தக் கொண்டாந்து போட்டா. அத்தனை நாளும் அவன் அது வாரப் பத்திரிகைன்னு நெனச்சிருக்கான். இப்ப லோடு ஏத்தப் போற எடத்துல இருந்து போன் போட்டு, ‘திருக்குறள் அதிகாரம் எத்தனை?’ன்னு கேள்வி கேக்கானாம். மூணுக்கும் ஒண்ணுக்கும் இன்னும் பேச்சுவார்த்தை நடக்குது. நடக்கட்டும்.

ஆட்டத்துல தோக்குறது எப்படின்னு கேக்கியா? கணக்குல எத்தனை வித்தியாசமோ அத்தனை நாளு விடியக்காலம் நீ காப்பி போடணும். அவ ஏன் போடக் கூடாதுங்காத. அவ தெனமும் போடுதா. இன்னொண்ணு, ஒங்கம்மாவத் திண்ணைப் பக்கமே விட்டுராத. அவ ரெண்டு கை நெறையக் கொட்டையோட வந்துருவா.

கணக்கு ஒத்து வந்ததும் சுகாதார நிலையத்துக்கு ரெண்டு பேருமாப் போங்க. காப்பர் டி இருக்கு, மூணு மாசத்துக்கு ஒருக்காப் போடுத அந்தரா ஊசி இருக்கு, சாயா மாத்திரை இருக்கு. எது யாருக்கு ஒத்துக்கிடும்னு நர்ஸம்மா சொல்லுவாக. அவள உள்ள அனுப்பிட்டு நீ பைக்குல சாஞ்சுக்கிட்டுப் போனைத் தடவிட்டு நின்ன, தொலைச்சுருவேன்.

நேத்து ராத்திரி ஒங்க ஆச்சியோட நானும் ஒரு கை ஆடிப் பாத்தேன். ஊருக்கு மட்டும் சொல்லப் படாதுல்லா. ‘அந்தக் காலத்துல ஒனக்கு எத்தனை வேணும்னு இருந்துச்சு?’ன்னு கேட்டேன். எனக்கென்ன, நடந்தது நடந்ததுதானேன்னு நான் அஞ்சு கொட்டைய மூடிக்கிட்டேன். கையத் தொறந்தோம். அவ கையில ரெண்டு.

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரல. மெதுவா, ‘மிச்சம் மூணு?’ன்னேன். வெத்தலைய மடிச்சு வாயில போட்டுக்கிட்டே சொல்லுதா: ‘ஒண்ணு ஒங்கம்மா கேட்டது. ஒண்ணு நீங்க கேட்டது. ஒண்ணு பேட்டரிக் கட்டையில வந்தது.’

பேட்டரிக் கட்டை ஒங்க பெரியப்பன்; அது தெரிஞ்ச கதை. ஒங்கப்பன் மூணாவது. அவன் எந்தக் கணக்குன்னு கேக்க எனக்குத் தைரியம் வரல. ஒன்கிட்டன்னா ஆச்சி சொல்லுவா, நைசாக் கேட்டுப் பாரு. புளியங்கொட்டை அந்த ஓலப்பொட்டியில கெடக்கு.