முகத்துவாரத்து மேய்ச்சல்

எருமைகளை ஓட்டிக்கொண்டு கிளம்புமுன் எர்ணாவூர்ப் பெரியப்பா ஒவ்வொன்றுக்கும் ஒரு கை வைக்கோல் போடுவார். மழை பெய்து ஓய்ந்த நாட்களில் கட்டாயம் போடுவார். வெளியே பச்சைப்பசேல் என்று புல் கிடக்கும்போது இந்தக் காய்ந்த தாள் எதற்கு என்று கேட்டால், "காஞ்சது முதல்ல வவுத்துல போவணும். பசியோட பச்சையில வுட்டா ஊதிக்கும்டா" என்பார். இளம்புல்லும் பயறு வகைக் கொடிகளும் வெறும் வயிற்றில் வேகமாக நொதித்து, வாயு வெளியேற வழியில்லாமல் மாட்டின் இடது விலாப்பக்கம் உப்பிவிடும். கால்நடை மருத்துவர்கள் சொல்லும் இந்தக் காரணம் அவருக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது.

அது எண்பதுகளின் தொடக்கம். எண்ணூர் அனல் மின் நிலையம் 1970இலேயே வந்துவிட்டது. ஆனாலும் பக்கிங்காம் கால்வாய்க் கரையைப் பிடித்து வடக்கே நடந்தால், கொசஸ்தலையாறு கடலில் சேரும் முகத்துவாரம் வரை மாட்டுக்கு வாய் வைக்க இடம் இருந்தது.

ஆற்றோரத்து வெண்கண்டல் உப்புத் தண்ணீரைக் குடித்து, மிஞ்சிய உப்பை இலை வழியாகவே வெளியேற்றும். வெயில் ஏறினால் இலையில் உப்பு பூத்திருக்கும். எருமைகளுக்கு அதில் கொள்ளை ஆசை. கொஞ்ச நேரம் மேயவிட்டு, உடனே நல்ல தண்ணீர்க் குட்டைக்குத் திருப்பிவிடுவார். உமரி இளசாக இருந்தால் நாலு வாய் போகலாம். அதற்கு மேல் போனால் சாணி தண்ணீராகப் போகும். மணல்மேட்டில் ராவணன் மீசையை எந்த மாடும் தொடாது. ஆனால் அதை யாராவது பிடுங்கினால் பெரியப்பாவுக்குக் கோபம் வரும். அது மணலைப் பிடித்து வைத்திருப்பதால்தான் அதன் பின்னால் அருகும் கோரையும் தலை தூக்குகின்றன என்பார். எது தீனி என்று தெரிந்துவைத்திருப்பது ஒன்று; தீனியை எது காப்பாற்றுகிறது என்று தெரிந்துவைத்திருப்பது இன்னும் பெரிது என்று எனக்கு இப்போது படுகிறது.

கால்வாய் ஓரத்தில் ஊதாப் பூவோடு நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்கைக் கண்டால் மட்டும் கம்பை ஓங்கிவிடுவார். தொடர்ந்து தின்ற கால்நடை மெலிந்து தள்ளாடும். ஒருமுறை ருசி கண்டதோ திரும்பத் திரும்ப அதையே தேடிப் போகும்.

கன்றை அவர் கொட்டிலில் விட்டுவிட்டு வந்ததே இல்லை. ஆத்தா வாயோரம் மூக்கை வைத்து, அவள் கடிப்பதைக் கடித்து, அவள் ஒதுக்குவதை ஒதுக்கித்தான் கன்று மேயக் கற்கும். அந்த அறிவில் பாதி பெரியப்பாவிடம் இருந்தது, பாதி எருமைகளிடம். இரண்டுமே அந்த மண்ணை நம்பி இருந்தன.

1994இல் வடசென்னை அனல் மின் நிலையம், 2001இல் எண்ணூர்த் துறைமுகம் என்று ஒவ்வொன்றாக வந்தன. நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியே செப்பாக்கத்துக் குட்டைக்கு அனுப்பினார்கள். குழாய்கள் கசிந்து சாம்பல் ஆற்றிலும் சதுப்பிலும் படிந்தது. இந்த மாசுக்கு மின்வாரியமே பொறுப்பு என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022இல் சொன்னது. சாம்பல் இறுகிய தரையில் கோரை எளிதில் முளைக்காது. மேய்க்கால் புறம்போக்கு என்று வருவாய்த்துறைக் கணக்கில் ஒரு நிலவகை இன்னமும் இருக்கிறது. ஆனால் எர்ணாவூர் மாடுகளுக்கு மிஞ்சியது சாலைதான்.

சாலையில் திரியும் மாட்டின் சொந்தக்காரருக்குச் சென்னை மாநகராட்சி விதிக்கும் அபராதம் 2023இல் 5,000 ரூபாயானது, 2024இல் 10,000. மாடு முட்டி மனிதர்கள் காயப்படுவதால் அபராதம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மேய்ச்சல் நிலத்தை எடுத்துக்கொண்டவர்கள் யாருக்கும் அப்படி ஒரு ரசீது கிழித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை என்பது மனத்தை அறுக்கிறது.

சாலைக்கு வந்த மாடு குப்பைத் தொட்டியில்தான் வாய் வைக்கிறது. ஆடு உதட்டால் பொறுக்கித் தின்னும். மாடு அப்படியல்ல. நாக்கைச் சுழற்றி, கவளமாக வளைத்து இழுக்கும். குப்பைத் தொட்டியில் சோறு கட்டிய பை அப்படியே உள்ளே போய்விடுகிறது. 2019 அக்டோபரில் திருமுல்லைவாயிலிலிருந்து கொண்டுவந்த ஒரு பசுவின் வயிற்றிலிருந்து வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் 52 கிலோ பிளாஸ்டிக்கை வெளியே எடுத்தார்கள். ஆத்தா தொட்டியில் மேய்ந்தால் கன்றும் தொட்டியைத்தான் கற்றுக்கொள்ளும்.

மாநகராட்சி இராயபுரம் மண்டலம் உட்படப் பல இடங்களில் மாட்டுத் தொழுவங்கள் கட்டத் தொடங்கியிருக்கிறது. நல்ல காரியம். கூடவே இன்னொன்றும் செய்யலாம். எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் பெரியப்பா காலத்தில் மாடு மேய்த்த ஆண்களும் பெண்களும் இன்னும் இருக்கிறார்கள். 1989இல் தொடங்கிய கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே மாதவரத்தில் இருக்கிறது. எந்தச் செடியை, எந்த மாதத்தில், எவ்வளவு என்று அவர்களை உட்காரவைத்துக் கேட்டு எழுதிக்கொள்ள இரண்டு மாணவர்களை அனுப்பினால் போதும். எஞ்சியிருக்கும் வெண்கண்டல் திட்டுகளையும் அவர்களே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவார்கள்.