எட்ட நிற்பார் இலக்கணம்

பாயிரம்

விளையாட்டுகள் இரு வகைப்படும். ஓரிடத்தில் உட்கார்ந்தே பார்த்து முடிக்கக்கூடியவை ஒரு வகை. கோல்ஃப் மறு வகை. கிரிக்கெட்டில் பந்து ஒன்றே, அது போகும் திக்கில் கண் போனால் போதும். பிரிட்டனின் ஓப்பன் போட்டியிலோ முதல் இரு நாளும் 156 பேர் ஆடுகிறார்கள். ஆளுக்கொரு பந்து, குழிகள் 18. இங்கே ஒருவர் மட்டையை ஓங்கும் அதே கணத்தில், மேட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் குழியில் தள்ளிவிட்டுத் தொப்பியைக் கழற்றுவார். டிக்கெட் வாங்கி உள்ளே போனவருக்கு வாய்த்தது முன்னால் நிற்பவரின் முதுகும், எங்கோ எழும் கைதட்டலும்தான்.

ஆதலின் தலைமை விதி: கிட்ட நிற்பார் குறையக் காண்பர், எட்ட நிற்பார் நிறையக் காண்பர்.

இது புது விதி அன்று. அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சிக்காக மாஸ்டர்ஸ் போட்டியை நெடுங்காலம் இயக்கிய ஃபிராங்க் சிர்கினியன், 1960இல் மொத்த அடிகளைச் சொல்லும் வழக்கத்தை விட்டார். ‘பார்’ என்னும் நிர்ணய அடிக்கு எத்தனை கூட, எத்தனை குறைய என்று காட்டத் தொடங்கினார். ஒருவர் 14ஆம் குழியிலும் மற்றவர் 17ஆம் குழியிலும் நிற்கும்போது மொத்தக் கணக்கை வைத்து யார் முந்துகிறார் என்று சொல்வது எப்படி? இன்று களத்துப் பலகைகளிலும் நிற்கும் அந்தக் கணக்கை நிலைநாட்டியது வீட்டில் உட்கார்ந்திருந்தவரின் தேவை என்க.

மாந்தர் இயல்

காண்பார் ஐவகையர்: நடப்பார், ஏறியிருப்பார், வண்டியுள்ளார், வேற்றூரார், வீட்டார்.

நடப்பார், வயர் இல்லாத கேமராவைத் தோளில் சுமந்து ஆட்டக்காரர் பின்னே போவோர். கூடவே, மயிர் போர்த்திய மைக்கை நீட்டியபடி ஒருவர் வருவார். ஆட்டக்காரரின் கழுத்தில் வழியும் வியர்வைவரை இவர்களுக்குத் தெரியும். போட்டியில் யார் முன்னணி என்பது, காதில் மாட்டிய இன்டர்காமில் யாராவது சொன்னால்தான் தெரியும்.

ஏறியிருப்பார், புல்தரைக்குப் பின்னே கட்டிய சாரத்தின் மேல் கேபிள் கேமராவோடு நிற்போர். 42.67 மி.மீ. விட்டமுள்ள வெள்ளைப் பந்து மணிக்கு 270 கி.மீ. வேகத்தில் கிளம்பி வெள்ளை மேகத்துக்குள் புகும். இவர் பந்தைப் பார்க்கிறாரா, பந்து இருந்தாக வேண்டிய இடத்தைப் பார்க்கிறாரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஸ்வீடனில் பிறந்த டாப்டிரேசர் பந்தின் பாதையை வண்ணக்கோடாக வரைந்து காட்டி, அந்த வழக்கை ஒருவாறு தீர்த்தது.

வண்டியுள்ளார், ஓ.பி. என்னும் ஒளிபரப்பு வேனின் இருட்டில் திரைச்சுவர் முன் இருப்போர். நான்கு நாளும் களத்தின் வாசலிலேயே இருந்தும் புல்லை மிதித்தறியார்.

வேற்றூரார், அந்த வேனும் வேண்டாம் என்று துணிந்தோர். பிஜிஏ டூர் அமைப்பு 2025இல் புளோரிடாவின் பான்டி வீட்ரா பீச்சில், தொலைவிலிருந்தே ஒளிபரப்பைத் தயாரிக்கும் பெரிய ஸ்டூடியோவைத் திறந்தது. கலிஃபோர்னியாவில் அடித்த அடி 4,000 கி.மீ. தாண்டி அங்கே போக வேண்டும். தாமதமாகாதோ எனின், ஃபைபருக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடுவதால் அத்தூரம் நொடியில் ஐம்பதில் ஒரு பங்குதான். படத்தைச் சுருக்கி விரிக்கும் பெட்டிகள் எடுத்துக்கொள்ளும் நேரம் அதைவிட அதிகம்.

வீட்டாரை ஒழிபில் காண்க.

அலை இயல்

வயரற்ற கேமராக்கள் பல 2 கிகாஹெர்ட்ஸ் அருகே பேசுகின்றன. அலையின் நீளம் 15 செ.மீ. அதற்குப் பகை நான்கு: மேடு, மரம், மழையில் நனைந்த இலை, நடுவில் வந்து நிற்கும் மனிதர். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய களம் மரம் அரிதான கடலோரம் ஆதலின் இரண்டாம் பகையும் மூன்றாம் பகையும் அங்கே மெலியும். மாஸ்டர்ஸ் நடக்கும், பைன் மரங்கள் ஓங்கிய ஆகஸ்டாவில் வலுக்கும்.

நேரே வரும் அலையும், எதிலோ மோதித் திரும்பி வரும் அலையும் ஒன்றையொன்று கெடுக்கும். அதற்குப் பரிகாரம் சிஓஎஃப்டிஎம் என்னும் முறை: மூட்டையை ஒரே லாரியில் ஏற்றாமல் ஆயிரம் பேர் தலையில் பிரித்து அனுப்புவது. சிலர் வழியில் தவறினாலும் சரக்கு வந்து சேரும். களமெங்கும் நட்ட ஆன்டெனாக்களில் எது நன்றாகக் கேட்டதோ அதையே ரிசீவர் எடுத்துக்கொள்ளும்.

இதற்கு விலை, சில ஃபிரேம் தாமதம். கேபிள் கேமராவையும் அதே அளவு பின்தங்க வைக்க மறந்தால், சாரத்துக் காட்சியில் பந்து குழியில் விழும். உடனே தோள் கேமராவுக்கு மாற்றினால் அதே பந்து இன்னும் உருண்டுகொண்டிருக்கும், மறுபடி விழும். கணக்கில் ஓர் அடியே சேரும்.

வழு இயல்

வழு மூன்று: காலவழு, இடவழு, மரபுவழு.

இருவர் ஒரே நொடியில் பந்தைத் தள்ளினால் ஒன்றே நேரலையாகும். மற்றது பதிவாகி, அரை நிமிடம் கழித்து, வர்ணனையாளர் இப்போதுதான் பார்ப்பவர்போல் வியக்க, திரைக்கு வரும். இது காலவழு, பயன் கருதி வழுவமைதியாகக் கொள்ளப்படும்.

2020 ஜூனில், பெருந்தொற்றுக்குப் பின் டெக்சாஸின் கலோனியல் களத்தில் ஆட்டம் மீண்டபோது, சிபிஎஸ்ஸின் வர்ணனைக் கூண்டில் ஜிம் நான்ட்ஸ் மட்டும் இருந்தார். நிக் ஃபால்டோ முதலியோர் ஆர்லாண்டோ ஸ்டூடியோவிலிருந்து அவரோடு அளவளாவினர். இது இடவழு, இதுவும் அமைந்தது.

மரபுவழுவோ அமையவில்லை. 2000இல் சிபிஎஸ்ஸின் கோல்ஃப் ஒளிபரப்பில், அந்த ஊரில் அந்தப் பருவத்தில் இருக்க வாய்ப்பில்லாத பறவை கூவுவதைப் பறவை ஆர்வலர்கள் கண்டுபிடித்தனர். பதிவுசெய்த கூவலைச் சேர்த்ததை நிறுவனமும் ஒப்புக்கொண்டது. ஆளை இடம் மாற்றலாம், பறவையை மாற்றலாகாது என்பது இதனால் பெறப்படும்.

ஒழிபு

வீட்டார் சம்பளமற்ற தயாரிப்புக் குழுவினர். 2017இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஏஎன்ஏ இன்ஸ்பிரேஷன் போட்டியின் மூன்றாம் நாள், 17ஆம் குழியருகே லெக்ஸி தாம்ஸன் பந்தை எடுத்து, இருந்த இடத்திலிருந்து இம்மி பிசகி வைத்தார். களத்தில் எவர் கண்ணிலும் அது படவில்லை. ஒரு நேயர் மறுநாள் மின்னஞ்சல் அனுப்பினார். முன்னணியில் ஆடிக்கொண்டிருந்த தாம்ஸனுக்கு, இடம் பிசகியதற்கு இரண்டு, அட்டையில் பிழையாகக் குறித்ததற்கு இரண்டு என நான்கு அடி தண்டம். கடைசியில் சமன் முறிக்கும் ஆட்டத்தில் ரியூ சோ இயோனிடம் தோற்றார்.

2018 முதல் நேயர் புகாரை ஏற்பதில்லை என்று கோல்ஃப் அமைப்புகள் தீர்மானித்தன. ஆகவே வீட்டாருக்கு எஞ்சிய உரிமை ஒன்றே: சோபாவில் சாய்ந்தபடி, உலகின் முதல் பத்துப் பேரில் ஒருவர் மட்டை பிடித்த விதம் தவறு என்று சொல்வது. இவ்வுரிமைக்கு விதிவிலக்கோ கால வரம்போ இல்லை.