புத்தி சொல்லச் சொன்ன மாப்ளைக்கு

வாங்க மாப்ளே, இப்படித் திண்ணையில உக்காருங்க. கோயில் கொடைக்கு வந்தவிய, சாமி கும்பிடுததுக்கு முன்னாடி பயலை என் முன்னால நிறுத்திட்டிய. "எந்நேரமும் போனும் கையுமாக் கெடக்கான் மாமா, நாலு நல்ல புத்தி சொல்லுங்க"ங்கிய. சொல்லிட்டாப் போச்சு. தலையாரி உத்தியோகம் பாத்தவனுக்கு இது புதுசா? தோப்புக்குள்ள எவன் சீட்டாடுதான், எவன் அவனுக்குக் காவல் நிக்கான்னு மோப்பம் பிடிச்சே வயித்தைக் கழுவுனவன் நான்.

மொதல்ல பயலுக்கு நோய் இருக்கான்னு பாப்போம். எடுத்த எடுப்புலயே 'அடிக்ட்'டுன்னு பட்டம் கட்டிராதிய. உலக சுகாதார நிறுவனம் வீடியோ கேம் ஆடுதது நோயா மாறுததை 2019-ல தன் நோய்ப் பட்டியல்ல ஏத்திச்சு. அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில இருந்து நடப்புல இருக்கு. அதுக்கு மூணு லெச்சணம் சொல்லுதாவ. நிறுத்தணும்னு நெனைச்சாலும் நிறுத்த முடியாது. சோறு, தூக்கம், படிப்பு, சேக்காளி எல்லாம் பின்னுக்குப் போயி ஆட்டம் முன்னுக்கு வந்துரும். கெட்டுப்போறோம்னு கண்ணால பாத்தும் கை நிக்காது. இதெல்லாம் 12 மாசம் போல நீடிச்சு, பொழப்பையும் கெடுத்திருந்தாத்தான் நோய்ங்காவ. கணக்குல ரெண்டு மார்க்கு கொறைஞ்சதெல்லாம் அந்தப் பட்டியல்ல இல்ல மாப்ளே. நான் தேடிப் பாத்துட்டேன்.

"உள்ளுக்கு எதுவும் சாப்பிடல, குடிக்கல, இது எப்படிப் போதையாகும்?"னு கேப்பிய. அதுலதான் சூட்சுமம். குடிச்சா வாடை காட்டிக் குடுத்துரும். பொகையில போட்டா பல்லு சொல்லிரும். இதுக்கு வாடையும் கெடையாது, கறையும் கெடையாது. அமெரிக்க மனநல மருத்துவருக 2013-ல தங்க பொஸ்தகத்தைத் திருத்துனப்போ, சூதாட்டத்தைச் சாராயமும் கஞ்சாவும் இருக்க அதே அத்தியாயத்துல கொண்டு போயி வச்சாவ. மூளைக்கு ரெண்டும் ஒரே சாதிதான்னு அவியளே ஒத்துக்கிட்டாவ.

திருவிழாவுல முச்சீட்டுக்காரனைப் பாத்திருக்கியளா? தரையில சாக்கை விரிப்பான். மூணு சீட்டை நெட்டுவாக்குல லேசா வளைச்சு, குப்புறக் கவுத்து, கை மாத்தி கை மாத்திப் போடுவான். ராணி எங்கன்னு கேப்பான். மொத ஆட்டத்துல நீங்கதான் ஜெயிப்பிய. ரெண்டாவதுல பக்கத்துல நிக்கவன் ஜெயிப்பான். அவன் யாரு? முச்சீட்டுக்காரன் கூட்டிட்டு வந்த ஆளு. மூணாவதுல உங்க பணம் போவும். ஆனா 'ஒரு சீட்டுல தப்பிருச்சே'ன்னுதான் தோணுமே தவிர, போனது தோணாது. வீட்டுக்குப் போறவனை நிறுத்தி வைக்கது ஜெயிச்ச காசு இல்ல மாப்ளே, 'அடுத்ததுல வந்துரும்'ங்குத நெனைப்பு.

ஸ்கின்னர்னு ஒரு அமெரிக்க வாத்தியார் இதைப் புறாவை வச்சே காட்டிட்டாரு. கொத்துனா தானியம் விழுத மாதிரி ஒரு பெட்டி. கொத்துக்குக் கொத்து தானியம் விழுந்தா, வயிறு நெறைஞ்சதும் புறா ஒதுங்கிக்கிடும். எத்தனாவது கொத்துக்கு விழும்னு தெரியாம வச்சா, விடாமக் கொத்திக்கிட்டே கெடக்கும். இப்ப உங்க மவன் பெருவெரலைப் பாருங்க. ரீல்ஸ்ல பத்து குப்பை வருது, பதினொண்ணாவது ஒரு நல்லது வருது. அது எப்ப வரும்னு அவனுக்கும் தெரியாது. டோப்பமின்னு மூளையில ஒரு ரசாயனம் இருக்காம். கெடைச்ச பெறவு சொரக்கதை விட, கெடைக்கப் போவுதுங்குத எதிர்பார்ப்புலதான் அது சாஸ்தியா எழும்புதாம். போதாக்கொறைக்கு 2006-ல ஏசா ராஸ்கின்னு ஒருத்தரு, தள்ளத் தள்ள முடிவே இல்லாத பக்கத்தைச் செஞ்சு குடுத்தாரு. பெறவு அவரே இப்படி ஆவும்னு நெனைக்கலைன்னு வருத்தப்பட்டுப் பேசுனாரு. செஞ்சவனே வருத்தப்படுதான், பதினாறு வயசுப் பயலை மட்டும் 'மனக்கட்டுப்பாடு இல்லாதவன்'ங்கிய.

கட்டுப்பாடு எங்க இருந்து வரும்? 'பொறு'ன்னு கடிவாளம் பிடிக்க முன்மூளை இருக்கே, அது முழுசா முதிர இருபது வயசைத் தாண்டி இருபத்தஞ்சு வரைக்கும் ஆவுமாம். அவனுக்கு அது இன்னும் வளருது, விடுங்க. நமக்கெல்லாம் முதிர்ந்து முத்திப் போச்சு. அதனாலதான் நேத்து பந்தியில எலை போட்டு, சோறு விழுந்து, சாம்பாரும் ஊத்துன பெறவும் நீங்க பச்சைக் கோடு, செவப்புக் கோடு பாத்துக்கிட்டு இருந்திய. கேட்டா "ஷேர் மார்க்கெட் மாமா, எஃப் அண்ட் ஓ"ன்னிய. நல்லது. ஷேர் மார்க்கெட்டுக்குத் தலையாரி மாதிரி இருக்க செபி 2024-ல ஒரு கணக்கு விட்டுச்சே, பாத்தியளா? மூணு நிதியாண்டுல அந்த ஆட்டத்துல எறங்குன தனி ஆளுகள்ல 100-க்கு 93 பேருக்கு நட்டமாம். மிச்ச 7-ல நம்ம மாப்ளை இருப்பாரு, எனக்குச் சந்தேகமே இல்ல. பயல் ஆடுனா விளையாட்டு, மாப்ளை ஆடுனா முதலீடு. அந்த வித்தியாசம் தெரியாதவனா நான்?

சட்டம் போட்டா சரியாயிரும்ங்காவ. வேணும், வேண்டாம்னு சொல்லல. ரம்மிக்குக் கடன் வாங்கி உசுரை விட்ட பயலுவளைப் பேப்பர்ல படிச்சு வயிறு எரிஞ்சிருக்கேன். நம்ம மாநிலத்துல 2025 பிப்ரவரியில விதி போட்டு, பணம் கட்டுத ஆட்டத்துக்கு 18 வயசுக்குக் கீழ ஆளு கூடாது, ராத்திரி 12-ல இருந்து 5 மணி வரை கதவு அடைப்புன்னாவ. அந்த வருசம் ஆகஸ்டுலயே டெல்லியில, பணம் வச்சு ஆன்லைன்ல ஆடுததுக்கே மொத்தமாத் தடை போட்டு சட்டம் கொண்டாந்தாவ. ஆனா தலையாரிக்குத் தெரிஞ்ச சங்கதி ஒண்ணு உண்டு. தோப்புல பிடிச்சா ஓடைக்கரைக்குப் போவான், ஓடைக்கரையில பிடிச்சா பம்புசெட்டுக்குப் போவான். சீனாக்காரன் 2021-ல பயலுவளுக்கு வாரத்துக்கு மூணு மணி நேரம்தான் ஆன்லைன் கேம்னு கட்டுனான். பெரியவுக பேருல உள்ள நுழைஞ்சு ஆடுத பயலுவ அங்கயும் முளைச்சாவ. "தாத்தா, உங்க ஆதார் நம்பரு என்ன?"ன்னு பேரன் பாசமாக் கேட்டப்பவே எனக்குப் பொறி தட்டிருக்கணும்.

சரி, பயலை முழுசா போனுக்குள்ளயே முக்கி எடுக்கணும்னா நான் வழி சொல்லுதேன். ஆட்டத்து நடுவுல போனைப் பிடுங்கிச் செவத்துல அடிங்க. போன மாசம் அடிச்சியளாமே, அந்த வித்தை கைவசம் ஏற்கெனவே இருக்கு. சொந்தக்காரன் கூடுத இடத்துல 'உருப்படாதவன்'னு சொல்லுங்க. காலையில அஞ்சு மணிக்கு ஒரு டியூசன், ராத்திரி ஒம்பது மணிக்கு ஒரு டியூசன் வைங்க. நடுவுல பந்தைத் தொட்டா அடிங்க. ஆட்டத்துக்குள்ள போனா முகம் தெரியாத நாலு பேரு 'சூப்பர் ப்ரோ'ங்கான். வீட்டுக்கு வந்தா 'மார்க்கு எங்கல'ங்கிய. அவன் எங்க போவான்? கைப்புள்ளையா இருக்கையில கார்ட்டூன் ஓடுனாத்தான் வாயைத் தொறப்பான்னு பழக்குனது என் மவதான். அவளைக் கொறை சொல்ல முடியுமா? அவளுக்கும் ஒரு கையில போனு இருந்துச்சே.

இது வேண்டாம், பயல் மீளணும்னா பட்டினி போடவும் வேண்டாம், பூட்டி வைக்கவும் வேண்டாம். எப்பெப்போ கை போனுக்குப் போவுதுன்னு அவனையே எழுதச் சொல்லுங்க. பரிச்சை பயத்துலயா, சண்டை போட்ட பெறவா, வேலை இல்லாத மத்தியானத்துலயா? மனநல டாக்டருகளும் கவுன்சலிங்ல மொதல்ல இந்த முடிச்சைத்தான் தேடுதாவ. அந்த நேரத்துக்கு வேற சோலி குடுங்க. மூணு வருசமாக் கபடி கேக்கான், சேத்து விடுங்க. 'டிங்கு டிங்கு'ன்னு கூப்பிடுத நோட்டிபிகேசனை அணைங்க. யூபிஐ ரகசிய நம்பரை அவனுக்குச் சொல்லாதிய. எத்தனை மணி நேரம்னு அவனையும் உக்கார வச்சுப் பேசி முடிவு பண்ணுங்க. தானே ஒத்துக்கிட்ட கணக்கை மீற அவனுக்கே கூசும்.

பள்ளிக்கூடம் நிக்குது, தூக்கம் போவுது, வீட்டுல காசு காணாமப் போவுதுன்னா கோடாங்கிகிட்ட கூட்டிட்டு வராதிய. தாயத்துக்கு இந்த வித்தை தெரியாது. 14416-ன்னு அரசாங்கத்தோட டெலி மனாஸ் மனநல உதவி நம்பரு இருக்கு. ராத்திரி பகல் எந்நேரமும் தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில 2014-ல இருந்தே இதுக்குன்னு தனிப் பிரிவு நடக்கு. பயல் செத்துப்போறேன்னு வாய்தவறிச் சொன்னாக்கூட அன்னிக்கே கூட்டிட்டுப் போங்க. அதுல நையாண்டி கெடையாது.

இப்ப பயலுக்குப் புத்தி சொல்லுதேன். ஏலே பேராண்டி, இங்க வா. இன்னையில இருந்து உன் வீட்டுக்கு நீதான் தலையாரி. ராத்திரி பத்து மணி ஆனா எல்லாப் போனையும் வாங்கிக் கூடத்து அலமாரியில வச்சுப் பூட்டணும். மொதல்ல உன் போனு உள்ள போவணும், அப்பத்தான் அடுத்தவுககிட்ட கேக்க வாய் வரும். உங்கம்மா முணுமுணுத்துட்டுக் குடுத்துருவா. உங்கப்பாதான், "ஒரு நிமிசம்ல, ஒரே நிமிசம்"பாரு. நீ அதே வார்த்தையைச் சொன்னப்போ அவரு என்ன செஞ்சாரோ, அதை மட்டும் செஞ்சிராத. அந்த போனுக்கு இன்னும் இஎம்ஐ பாக்கி இருக்காம்.